நீலப் பின்னணி போட்ட படம்

எனக்கு எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாகப் போகும், சொல்ல வந்ததைப் பாதியில் மறந்துவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நான் செய்த ஒரு தப்பை என் மகள் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மகள் எடப்பாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கீழே உரக்கடையும் ஜெராக்ஸ் கடையும், மாடியில் ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் மகளோடு வந்துவிட்டேன். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்க முடியாமல் கடைக்கு வந்து ஒரு மூலையில் உட்காருவேன். ஆள் வந்தால் எனக்குக் கூச்சம். முகத்தைப் பார்த்துப் பேச வராது. ஒருநாள் மகள் சொன்னாள்:

“ஆளுங்களோட நீங்க பேச வேண்டாம்மா. படத்தோட இருங்க. படம் ஒண்ணும் திருப்பிக் கேக்காது.”

அப்படித்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் படம் திருத்துகிற அந்த சாஃப்ட்வேரில் ஓரமாக வரிசையாகச் சின்னச் சின்னச் சித்திரங்கள் இருக்கும். புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்று. அதை எடுத்து மச்சத்தின் மேல் வைத்தால் மச்சம் போய்விடும். ரப்பர் ஸ்டாம்பு ஒன்று, ஓரிடத்துத் தோலை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும். கயிறு ஒன்று, ஆளைச் சுற்றிப் போட்டால் ஆள் தனியாக வெட்டி வரும். பிரஷ் ஒன்று. இவ்வளவுதான் எனக்கு. கல்யாண மாதத்தில் நானூறு ஐந்நூறு படம் வரும், முகத்திலுள்ள பருவையெல்லாம் நான்தான் எடுப்பேன். மகள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள். எதையும் தொடுவதற்கு முன்னால் வேறு பேரில் ஒரு காப்பி போட்டுவிட வேண்டும், மூலப்படத்தில் கை வைக்கக் கூடாது.

கல்யாணப் படத்தைவிட எனக்கு நன்றாகப் பழகிய வேலை வேறு. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் தவறிவிட்டால் கருமாதிக்குள் சட்டம் போட்ட படம் வேண்டும். கொண்டுவருகிற படத்தில் அவர்கள் பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு இருப்பார்கள், இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் கயிறு போட்டு ஆளை வெட்டி எடுப்பேன். பின்னால் நீலம், தலைக்குப் பின்னால் வட்டமாக வெளிச்சம். மச்சம், தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எல்லாம் பிளாஸ்திரி. நிறத்தை ரெண்டு படி ஏற்றுவேன். திருநீற்றுப் பட்டை தனியாக வெட்டி வைத்திருக்கிறோம், எடுத்து நெற்றியில் வைத்தால் போதும். எங்கப்பா கருப்பாகத்தானே இருந்தார் என்று இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

அன்றைக்கு மகள் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தாள். காலை பத்து மணி இருக்கும். முப்பது முப்பத்தைந்து வயசில் ஒரு பெண் படியேறி வந்தாள். தறி ஓட்டுகிற வீட்டுப் பெண் என்று பார்த்ததும் தெரிந்தது, தலைமயிரில் பஞ்சுத் தூசி. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. போனை நீட்டினாள்.

“எங்கத்தைங். படம் பெருசா வேணுங். கீழ ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிருங்கம்மா.”

போனில் ஒரு வயசான அம்மா. காது குத்து வீட்டில் எடுத்தது. கருத்த முகம், உதட்டோரம் வெள்ளை விழுந்திருந்தது. பின்னால் வாழை மரமும் பாதி ஆளும் தெரிந்தது.

அழுதுகொண்டே வயசானவர்கள் படத்தைக் கொண்டுவருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். எப்போது போனார்கள், எப்படிப் போனார்கள் என்று கேட்பது எனக்கு ஆகாத காரியம். “உக்காரு கண்ணு” என்றேன். கேபிளைச் செருகிப் படத்தை எடுத்துக்கொண்டேன்.

என் கை அது பாட்டுக்கு வேலை செய்தது. கயிறு, நீலம், வெளிச்சம். உதட்டோரத்து வெள்ளையை அழிக்கத்தான் நேரம் ஆனது. பிளாஸ்திரி அங்கே சரியாகப் பிடிக்கவில்லை, ஸ்டாம்பு எடுத்துக் கன்னத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து மூடினேன். பட்டை போட்டேன். அழுகிற பெண்ணைக் காக்க வைக்கிறோமே என்ற அவசரத்தில் காப்பி போட மறந்துவிட்டேன். திருத்தியது மூலப்படத்தின் மேலேயே சேவ் ஆகிவிட்டது. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

அவள் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

“அத்தை இத்தன செவப்பில்லீங்களே” என்றாள் மெல்ல.

“பிரிண்டுல கம்மியாத்தான் வரும் கண்ணு” என்றேன்.

அதற்குமேல் அவள் கேட்காததால் படத்தைக் கீழே கடைக்கு அனுப்பிவிட்டேன். அவளும் என்னைப் போலத்தான், ரெண்டாவது வார்த்தைக்கு வாய் வராது. போகும்போது போய் வருகிறேன் என்று சொல்லாமல் இறங்கிப் போனாள். துக்க வீட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்லாமல் போவார்கள். நான் நினைத்தது சரிதான் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு அவள் மறுபடி வந்தாள். அன்றைக்கும் மகள் இல்லை. கையில் ஈரமாக ஒரு தாள், சுவரிலிருந்து உரித்தது, பின்பக்கமெல்லாம் மைதாப் பசை. அதை என் மேசை மேல் விரித்தாள். நான் செய்த படம்தான். நீலப் பின்னணியில் அந்த அம்மா வெளிச்ச வட்டத்தோடு, பட்டையோடு, சிவப்பாக இருந்தார்.

“இது நீங்க பண்ணுனதுங்களா?”

“ஆமா கண்ணு.”

“எங்கத்தை சாகலீங்கம்மா. காணாமப் போயிருக்காங்க.”

மேலே பார்த்தேன். ‘காணவில்லை’ என்று எழுதியிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணீர் அஞ்சலிக்கு வைத்திருந்த அதே கட்டத்தை எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார். படம் அப்படி வந்தால் அவர் வேறென்ன செய்வார். தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லைப் படிக்காதவர்களுக்கு அது சாவு நோட்டீஸ்தான். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அதைப் போலப் பத்து இருக்கும். யார் நின்று படிப்பார்கள்.

அவள் நின்றபடியே சொன்னாள். அத்தைக்குக் கொஞ்ச நாளாக மறதி. கெங்கவல்லியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கிறேன் என்று கிளம்பியவர், பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டியில் ஏறினார் என்று தெரியவில்லை. மேட்டூர் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸிடம் இருப்பதும் இதே படம்தான்.

“நேத்து எங்க மாமனாரு வழி ஒறம்பரை நாலு பேரு கோடித் துணி, மாலையோட ஊட்டுக்கு வந்து எறங்கிட்டாங்கம்மா. சொவத்துல பாத்தோம், எப்பங் எடுக்கறீங்கன்னு கேக்கறாங்க. கெங்கவல்லியிலருந்து வந்த என்ற நாத்தனா வாசல்ல நின்னுட்டு, தேடறதுக்கு முந்தியே படம் போட்டுட்டா பாரு, அத்தன அவசரம் இவளுக்குன்னு ஊருக்கே கேக்கச் சொல்லுச்சு. மருமவதான் அடிச்சுத் தொரத்திப்போட்டான்னு ஏற்கெனவே பேச்சு. எங்கூட்டுக்காரரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாரு.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

“அது போவுதுங். நேத்து சாயங்காலம் மேட்டூர்லருந்து ஒருத்தரு நோட்டீஸ்ல இருக்கற பக்கத்து ஊட்டு நெம்பருக்குப் பேசுனாரு. இந்த மாதிரி ஒரு கெழவி இங்க வாய்க்காப் படியில எறங்கி எறங்கிக் கை கழுவுது, ஆனா அது கருப்பு, ஒதட்டோரம் வெள்ளை இருக்குது, உங்க படத்துல இருக்கறவிய இல்லைங்கன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டாராம். திருப்பி அடிச்சா எடுக்கல. லாரிக்காரராட்ட இருக்குது. வாய்க்கால்ல தண்ணி உட்டிருக்காங்கம்மா.”

கடைசிச் சொல்லை அவள் சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

“பதினொண்ணரைக்கு மேட்டூர் பஸ்ஸு. சரியான படம் குடுங்க, நான் போறேன்.”

மணி பத்தே முக்கால். கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். சிவந்த முகம் வந்தது. அடியில் வேறு படம் இருக்கும் என்று தேடினேன். இல்லை. அழித்ததைத் திரும்பக் கொண்டுவருகிற பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கடையைச் சாத்தித் திறந்து மூன்று நாள் ஆகிவிட்டது, அதற்கு எதுவும் ஞாபகம் இல்லை. மகளுக்குப் போன் போட்டேன். பின்னால் நாயன சத்தம்.

“அம்மா, காப்பி போட்டுத்தான பண்ணுனீங்க?”

நான் மறுபடி அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

“அம்மா?”

“மறந்துட்டேன் சாமி.”

“சரி. அவங்க போன்ல மொதப் படம் இருக்கும். அத வாங்குங்க.”

அந்த வீட்டுக்கே அந்த ஒரு போன்தான், அது புருஷன் கையில். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பூலாம்பட்டி பக்கம் தேடப் போயிருக்கிறார். போட்டால் சுவிட்ச் ஆஃப். வீட்டில் வேறு படம் இல்லை. ஆதார் அட்டை அத்தையின் பைக்குள்ளேயே போய்விட்டது.

“அப்ப நீங்களே திருப்பி வரைஞ்சிருங்கம்மா” என்றாள் மகள். “அவங்கள பக்கத்துல வெச்சுக்கிட்டு வரைங்க.” பொண்ணு மாப்பிள்ளை வந்துவிட்டார்கள் போல, வைத்துவிட்டாள்.

நான் அதுவரைக்கும் அழிக்கத்தான் பழகியிருந்தேன். எந்த முகத்துக்கும் ஒரு கறையைக்கூட நானாக வைத்ததில்லை. இந்தத் தடவை காப்பி போட்டுவிட்டுப் பட்டையை எடுத்தேன். அது முகத்தோடு ஒட்டிப் போயிருந்தது, ஸ்டாம்பால் மூடி மூடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நீலத்தையும் வெளிச்சத்தையும் எடுத்து வெறும் சாம்பல் நிறம் போட்டேன். நிறத்தை இறக்கினேன்.

“இன்னும் இறக்குங்க” என்றாள். இறக்கினேன். “இன்னும் சித்தே. தறிப்பட்டறைக்குள்ளயே இருந்தாலும் எங்கத்தை நல்ல கருப்புங்க.”

உதட்டோரத்துக்கு வந்தேன். பிரஷ் எடுத்து வெள்ளை வைத்தேன். சுண்ணாம்பு தெறித்த மாதிரி இருந்தது.

“அப்படி இல்லீங். உள்ளுக்குள்ள ரோஸாட்ட இருக்கும்.”

“எத்தன பெருசு கண்ணு?”

“புளியங்கொட்டை அளவு.”

“எந்தப் பக்கம்?”

அவள் வலது என்றாள். பிறகு இல்லை, இடது என்றாள். எதிரில் நின்று பார்ப்பவளுக்கு அவளுடைய வலது அத்தைக்கு இடது. நான்தான் அழித்தவள், எந்தப் பக்கம் அழித்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. ரெண்டு பக்கத்துத் தோலும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தது. அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறேன். கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்தது, ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். சேலம் வண்டி.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால் போய், முன்னால் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி ரெண்டு கையையும் தூக்கினாள்.

“நான் பொறத்தால நின்னுதான் எண்ணெ வெச்சு உடுவேன். ஒழுகற எண்ணெய முன்னால துடைச்சு உடுவேன். துடைக்கறப்ப இந்தக் கைக்குத்தான் அது தட்டும். சொரசொரன்னு.” அவள் ஆட்டிய கை இடது கை.

அத்தைக்கு இடது பக்கத்தில் வைத்தேன். ரோஜா நிறம் கலந்து, ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கி, பெரிதாக்கிப் பார்த்து, சின்னதாக்கிப் பார்த்து. கன்னத்தில் நான் எடுத்திருந்த கோடுகளைத் திரும்பப் போட்டேன். மூன்று நாள் வெயிலில் சுற்றியிருப்பாரே என்று கண்ணுக்குக் கீழே கருப்பு வைத்தேன். தலைமயிரைக் கலைத்தேன்.

அவள் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

“சொல்லு கண்ணு. இருக்கறாங்களா?”

“இருக்கறாங்கம்மா” என்றாள்.

பதினொன்று இருபத்தைந்து. நாங்களே பிரிண்டரில் முப்பது தாள் எடுத்தோம். தலைப்பைப் பெரிதாகச் சிவப்பில் போடச் சொல்லி மகள் போனில் ஒவ்வொரு பொத்தானாகச் சொன்னாள். மை காயவில்லை. அந்தப் பெண் ஊதிக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

என்னால் கடையில் உட்கார முடியவில்லை. அவள் எடுத்துப்போனது போக மிச்சமிருந்த தாளையும் ஒரு வாளித் தண்ணியையும் தோசைக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சுவரில் அந்த நீலப் படம் ஏழு இருந்தது. தண்ணியை அடித்துச் சுரண்ட ஆரம்பித்தேன். ஆட்கள் நிற்கிற இடம். எல்லோரும் பார்ப்பது முதுகில் தெரிந்தது. பூ விற்கிற அம்மா ஒருத்தி கேட்டாள்:

“ஏனுங்காயா, செத்தவிய படத்தப் போயி இப்படிக் கரண்டி போட்டுச் சொரண்டறீங்க. பாவமில்லீங்களா?”

“சாகலீங்” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். “சாகலீங். காணாமப் போனவிய. ஒதட்டோரம் வெள்ளை இருக்கும். பாத்தாச் சொல்லுங்க.”

ஒரு ஆள் கிட்ட வந்து கையிலிருந்த புதுத் தாளை வாங்கிப் பார்த்தான். “இது வேற ஆளாட்ட இருக்குதே” என்றான். “அதுவும் அவியதானுங்” என்றேன். அப்படிச் சொல்லிச் சொல்லி ஏழு தாளையும் எடுத்தேன்.

சாயங்காலம் வரை போன் இல்லை. மகள் வந்தாள், என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுநாள் காலையில் மேட்டூர் வாய்க்காலில் ஏதோ மிதந்தது என்று கீழே உரக்கடையில் யாரோ பேசினார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அது கன்றுக்குட்டி என்று பிறகுதான் சொன்னார்கள்.

மதியம் பன்னிரண்டு மணிபோல ஸ்டுடியோ போன் அடித்தது. மகள் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

“அம்மா, இருக்காங்கம்மா. மீன் வறுத்து விக்கற கடையில உக்காந்திருக்காங்க. நான்தான்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. வா சாமி, மீன் தின்னுன்னு கூப்பிடறாங்க.”

அணைப் பக்கம் மீன் வறுக்கும் ஒரு அம்மாதான் நாலு நாளாகச் சோறு போட்டு வைத்திருந்தாராம். கடைக்கு எதிர்க் கம்பத்திலேயே என்னுடைய நீலப் படம் ஒட்டியிருந்ததாம். யாரோ பெரிய ஊட்டுக் கிழவி செத்துப்போச்சு போல என்று அந்த அம்மா நினைத்தாராம். புதுத் தாளைக் கொண்டுபோய் நீட்டியதும், “இந்தக் கெழவியா, உள்ள வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்குது பாரு” என்றாராம்.

அத்தை வீட்டுக்குப் போய், வாசலில் கூடியவர்கள் முன்னால், மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, வண்டி மாறி ஏறிவிட்டேன் என்று சொன்னதாகக் கேள்வி. கோடித் துணியைக் கொண்டுவந்தவர்கள் திருப்பி எடுத்துப் போனார்களா, வைத்துவிட்டுப் போனார்களா என்று தெரியவில்லை.

ரெண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் புருஷன் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆள் படியேறும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. நான் எழுந்து, படம் எடுக்கத் தொங்கவிட்ட திரைக்குப் பின்னால் போய்விட்டேன்.

“யாருங்க எங்கம்மாவுக்கு உசுரோட பட்ட போட்டது? ஒறம்பரை மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?”

“நாந்தாங்க” என்றாள் மகள். “அவசரத்துல ஆயிப்போச்சுங்க. தப்புதாங்க.”

“ஊரே சிரிக்குது. என்ற கண்ணு முன்னால அதை அழிங்க.”

மகள் அழித்தாள். அவர் கிட்டப் போய் நின்று பார்த்தார். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னார். அதையும் அழித்தாள். அவர் பேசியதை எல்லாம் எழுத வேண்டாம். அவள் ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க” என்றாள். நான் திரைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து நான்தான் என்று சொல்ல நாலு அடிதான். கால் வரவில்லை. அந்தப் பெண்ணும் புருஷனிடம் என் பேரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது யார் வந்தாலும், இது எதுக்குங்க படம் என்று முதலில் கேட்கிறேன். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. அந்த மனுஷனிடம் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. ஐயா, அந்தப் பட்டையை வைத்தது என் மகள் இல்லை, நான். இந்தத் தாளை அவரிடம் கொடுத்துவிட மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் யாராவது ஒருதரம் படித்துப் பார்த்தால் நல்லது. அந்தப் பெண் வந்தது மூன்றாம் நாளா, நாலாம் நாளா என்று எனக்குத் தடுமாறுகிறது. மேட்டூர் பஸ் பதினொன்றரையா என்றும் பஸ் ஸ்டாண்டில் கேட்க வேண்டும். சுவரில் ஏழு என்று எழுதிவிட்டேன், எட்டாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் கருவிகளுக்கு நான் வைத்த பேர்களை மகள் பார்த்துச் சரியானதைப் போடட்டும். அந்தப் பெண்ணும் படித்துவிட்டு, அவள் சொல்லாததை அவள் சொன்னதாக நான் எழுதியிருந்தால் அடித்துவிடட்டும்.